மருமகனுக்கு எழுதிய பதில்

போன கிழமை முஸ்பிறாவைக் குசினிக்குள், போனும் கையுமாக, திறந்த வாய் மூடாமல் நிற்க விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு கிழமை கழிந்தும் அவளுடைய மனம் அதே இடத்தில்தான் நிற்கிறது. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதற்குள் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

கல்முனைக்குடியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. பக்கீர் முகைதீனுக்குச் சாகாமத்தில் வயல். மனைவி முஸ்பிறா பெண்கள் பாடசாலையொன்றில் கம்பியூட்டர் படிப்பித்தவள். முதுகு சொல்வழி கேட்காததால் முந்தியே ஓய்வெடுத்துக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கத் தெரியாத மனுஷி. உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் தனியாக உட்கார்ந்து செயலி செய்கிற இளசுகள், செய்ததைக் கொண்டுவந்து காட்டி "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிற இணையத்தளம் ஒன்று இருக்கிறது. அதில் 'கிறே ஹெரன்', அதாவது சாம்பல் நாரை, என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு நுழைந்தாள்.

ஆங்கிலத்தில் எழுதுவாள். யாரையும் நோகடிக்க மாட்டாள், பூசி மெழுகவும் மாட்டாள். உண்மையிலேயே நன்றாக இருக்கிற ஒன்றை முதலில் சொல்வாள். பிறகு, "நேற்று இதை யார் பாவித்தார், எந்த இடத்தில் அவருக்குக் கை தடுமாறியது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. போலந்தில் ஒருவன் அவளுடைய யோசனையால் தன் செயலியைத் தலைகீழாக மாற்றி, இரண்டு பேரை வேலைக்கு வைக்கும் அளவுக்கு வந்துவிட்டான். நைரோபியில் ஒருத்தி கிறே ஹெரனின் பிறந்தநாள் எப்போது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அங்கேதான் 'ரைஸ் ரூட்' என்ற பெயரில் ஒருவன் வந்தான். நெல் வெட்டும் மெஷினை விவசாயிகள் போனிலேயே ஒழுங்குபண்ண ஒரு செயலி. ஊர் எது என்று அவன் சொல்லவில்லை. முஸ்பிறா வியட்நாம் பக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஆளாளுக்குத் தனித்தனியாக மெஷினைக் கூப்பிட்டால் சரிவராது, வெட்டாத வயலைத் தாண்டி மெஷின் எப்படிப் போகும், அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிடுகிற மாதிரி மாற்றுங்கள் என்று எழுதினாள். இது பெரிய ஞானமொன்றும் இல்லை. ஒவ்வொரு போகத்திலும் பக்கீர் முகைதீன் சாகாமத்திலிருந்து வந்து, சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு இதைச் சொல்லித்தான் மெஷின்காரனைத் திட்டுவார்.

அவன் மாற்றினான். செயலி பிய்த்துக்கொண்டு போனது. அறுவடை முடிந்த கையோடு, புதிய நிறுவனங்களைத் தூக்கிவிடுகிற ஒரு பெரிய இடத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது.

போன கிழமை அவன் உள்ளூர் மொழியில் செய்த பதிப்பை அனுப்பினான். எழுத்து உங்களுக்கு விளங்காது, பட்டன்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள் என்று ஒரு குறிப்பு வேறு. முஸ்பிறா திறந்தாள். தமிழ். உதவி என்று இருந்த பட்டனை அமத்தினாள். "உங்கட வயலுக்கு மெஷின் நாளைக்கு விடிய வரும், ஆயத்தமா இரிங்க," என்றது ஒரு பெண் குரல். அவள் பெற்ற மகள் அப்னாவின் குரல்.

வியட்நாமாவது ஒன்றாவது. ரைஸ் ரூட் அடுத்த அறையில் படுத்திருக்கிற அவளுடைய மருமகன் றிஸ்கான்.

இதில் என்ன தலைபோகிற காரியம், போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவர்களாக இருக்க முடியாது. இங்கே கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வந்தவருக்கு ராச மரியாதை. அந்த மரியாதையில் ஒன்று, மாமி மருமகனோடு முகத்துக்கு முகம் கதைக்க மாட்டாள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம். இப்போது பல வீடுகளில் இதைக் கைவிட்டுவிட்டார்கள். முஸ்பிறாவின் வீட்டில் விடவில்லை. விடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். றிஸ்கான் ஹோலில் இருந்தால் இவள் திரைக்கு உள்ளே. "மருமகனுக்கு இன்னும் ரெண்டு துண்டு இறைச்சி வைக்கச் சொல்லு" என்பது அப்னாவின் வாய்வழியாக வெளியே போகும். "மாமிக்குப் போதுமெண்டு சொல்லுங்க" என்பது அதே வழியாகத் திரும்பி வரும். போதும் என்ற சொல் வந்து சேருவதற்குள் இறைச்சி போய்ச் சேர்ந்திருக்கும்.

நைரோபிக்காரியையும் போலந்துக்காரனையும் உரிமையோடு உலுப்பி எடுக்கிற மனுஷி, மருமகனுக்கு நேரே நின்று ஒரு ஸலாம் சொன்னதில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ரைஸ் ரூட் பேச்சோடு பேச்சாக ஒன்று எழுதியிருந்தான். மனைவியின் தாய் ஒவ்வொரு நாளும் வயிறு வெடிக்கிற அளவுக்குச் சாப்பாடு அனுப்புகிறார், வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை என்று. முஸ்பிறா அதை வாசித்துச் சிரித்து, பாவம், அந்த அம்மாவுக்கு உங்களோடு கதைக்க வேறு வழி தெரியவில்லையோ என்னவோ என்று பதில் போட்டிருந்தாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு முகமெல்லாம் சூடேறுகிறது.

ஆக, ஒரு கிழமையாக நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட கையோடு வெள்ளிக்கிழமையும் வந்து நின்றது.

காலையில் போனைத் திறந்தால் ரைஸ் ரூட்டின் கேள்வி. அந்தப் பெரிய இடத்தார் கூப்பிட்டது ஆறு மாதத்துக்கு. கொழும்பிலேயே தங்கவேண்டும், இப்போது பார்க்கிற வங்கி வேலையை விடவேண்டும். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அழைப்பார்கள், அப்போது ஓம் அல்லது இல்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: மனைவியின் வீட்டார் நல்லவர்கள், ஆனால் மனதில் இருப்பதை எனக்குச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் உங்கள் விருப்பம் என்கிறார்கள். உங்கள் ஒருவரைத்தான் நம்புகிறேன். போகவா, வேண்டாமா?

முஸ்பிறா அரிசி களைந்த தண்ணீரை மறுபடி அரிசிக்குள்ளேயே ஊற்றினாள். வீட்டில் அவன் சொல்லியிருந்ததெல்லாம் கொழும்பில் ஒரு வேலை கிடைக்கலாம் என்பது மட்டும்தான், செயலியைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

றிஸ்கான் போனால் அப்னாவும் போவாள். அப்னா ஐந்து மாதக் கர்ப்பிணி, தலைப்பிள்ளை. ஆறு மாதம் என்றால் பிரசவமும் அங்கேதான். முன்பின் தெரியாத ஊரில், மாடி வீட்டில், வலி எடுக்கும்போது உம்மா பக்கத்தில் இல்லாமல். செயலியை நன்றாக்கியது யார்? இவள்தான். நன்றாக்காமல் விட்டிருந்தால் கொழும்புக்காரன் ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறான்?

ஆலோசனை சொல்கிறவளுக்கும் ஒரு ஆலோசனை வேண்டாமா? போனில் புருஷனுக்குக் கோல் எடுத்தாள். உழவு மெஷின் சத்தத்துக்கு நடுவில் பக்கீர் முகைதீன் கத்திக் கதைத்தார். போகட்டுமே, கொழும்பென்ன சீனாவிலா இருக்கிறது என்றார். அடுத்த மூச்சிலேயே, ஆனால் அப்னா நம்மோடு நிற்கட்டும், பிள்ளை பெறும்போது உம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார். அதற்கும் அடுத்ததாக, புருஷன் ஒரு பக்கம் பெண்சாதி ஒரு பக்கம் என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று அவரே கேட்டார். "நீ பாத்து ஒரு முடிவ எடு புள்ள," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். இருந்த கொஞ்சத் தெளிவும் அதோடு போயிற்று.

அடுப்பில் இறைச்சி கொதிக்கிற நேரத்துக்குள் அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். முதலில் 'போங்கள்' என்று எழுதி அழித்தாள். 'போகவேண்டாம்' என்று எழுதி அதையும் அழித்தாள். பிறகு வழக்கமான கிறே ஹெரனாக நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள். ஒரு போகமும் ஓர் ஊரும் போதுமான சாட்சி இல்லை. மற்ற மாவட்டங்களில் வயல் வேறு மாதிரிக் கிடக்கும், தண்ணீர் வேறு மாதிரி வரும். இன்னும் ஒரு போகம் பொறுங்கள். வேலையை விடாமல், இருக்கிற இடத்தில் இருந்தே வேறு ஊர்க்காரர்களிடம் கொடுத்துப் பாருங்கள். உண்மையான விருப்பம் உள்ளவர்கள் திரும்பவும் கூப்பிடுவார்கள்.

எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பொய் இல்லை. பிறகு கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தாள்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் போகமாட்டேன்.

அந்தத் தளத்தில் இத்தனை பேருக்கு எழுதியும் அப்படி ஒரு வரியை அவள் யாருக்கும் எழுதியதில்லை. முடிவு செய்தவனுடையது, நான் கேள்வி மட்டும்தான் கேட்பேன் என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். அனுப்பு என்பதை அமத்தினாள். உண்மையைத்தானே எழுதினேன், பிறகு ஏன் களவெடுத்தவள் மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து றிஸ்கான் வந்தான். வந்ததும் போனைப் பார்த்தான். முஸ்பிறா திரையின் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்க வாசிக்க அவன் தோள் இறங்குவது தெரிந்தது. ஒரு கதிரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

இனிச் சாப்பாடு. எவ்வளவு அனுப்புவது? வழக்கம்போல் அனுப்பினால் வயிறு வெடிக்கும். குறைத்து அனுப்பினால் மாமிக்கு என்ன கோபம் என்று யோசிப்பான். இறைச்சியைப் போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டாள். அப்னா சோற்றுக் கோப்பையை ஏந்திக்கொண்டு நின்று, உம்மாவுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பாதி சாப்பிட்டான். பிறகு ஹோலிலிருந்து, "மாமி என்ன நினைக்கிறாங்க எண்டு ஒருக்காக் கேளுங்க," என்று அப்னாவிடம் சொல்வது கேட்டது. திரைக்கு இந்தப் பக்கம் தொண்டை வரைக்கும் ஆயிரம் கதை வந்து நின்றது. "மருமகன்ட விருப்பம்," என்றாள் முஸ்பிறா. அப்னா அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினான்.

அப்னா குசினிக்குத் திரும்பி வந்தவள் சாப்பிட உட்காரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்று, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் போகவில்லையாம் என்றாள். முஸ்பிறா ஒன்றும் தெரியாதவள்போல், நல்லதுதானே மகள், நீ இங்கேயே இருக்கலாம் என்றாள்.

"நான் இஞ்ச இரிக்கணும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"

அப்னா குரலை உயர்த்துகிற பிள்ளை இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அதனால்தான் முஸ்பிறாவுக்குத் திக்கென்றது.

பிறகு அப்னா கோப்பையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கொழும்பில் கூப்பிடுவது ஒரு செயலிக்காகவாம், அது அவருடையது மட்டும் இல்லையாம். அவர் வங்கிக்குப் போன நேரமெல்லாம் அறைக்குள் இருந்துகொண்டு மெஷின்காரர் ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்துக் கதைத்துச் சம்மதிக்க வைத்தது இவளாம். குரல் கொடுத்தது இவள். எந்த மெஷின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சரிபார்ப்பதும் இவள். கொழும்புக்குப் போனால் அது இரண்டு பேருக்கும் ஒரு வேலையாகும் என்று இருவரும் கதைத்து வைத்திருந்தார்களாம். பிள்ளையைப் பற்றிப் பயம் இருக்கிறதுதான், ஆனால் பயத்துக்காக வீட்டில் இருக்க அவளுக்கு மனம் இல்லையாம்.

"எனக்குப் போகணும் உம்மா. நீங்க கவலப்படுவீங்க எண்டுதான் வாயத் திறக்கல்ல."

மகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று எண்ணித்தானே முஸ்பிறா காலையிலிருந்து தவித்தாள். மகள் கிளம்பிப் போகத் துடிக்கிறாள் என்ற எண்ணம் ஒரு தரம் எட்டிப் பார்க்கவும் இல்லை. பாவிக்கிறவரிடம் கேட்டீர்களா, பாவிக்கிறவரிடம் கேட்டீர்களா என்று ஊரெல்லாம் போதித்தவள், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் ஏன் போகவில்லை என்கிறார் என்று ஈனக்குரலில் கேட்டாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறானாம், செயலி பற்றி நல்ல யோசனை எல்லாம் சொல்கிறவனாம், அவன் இன்றைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டானாம் என்றாள் அப்னா. "அந்த மனிசன எனக்கு ஒருக்காக் காணணும். கண்டா நல்லா ஏசணும்."

வெள்ளைக்காரன் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றான்.

அப்னா அறைக்குள் போனதும் முஸ்பிறா போனை எடுத்தாள். அந்தப் பதிலைக் கணக்கில் எடுக்கவேண்டாம், அதை நான் சரியான மனதோடு எழுதவில்லை, நீங்களும் மனைவியும் பேசி முடிவெடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் இருந்தது.

தொழுதுவிட்டுக் கையேந்தியபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர்கள் போகவேண்டும் என்றா, போகக்கூடாது என்றா? போகவேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் நடுவில் நெஞ்சு மறுத்தது. போகக்கூடாது என்றால் அப்னாவின் முகம் வந்து நின்றது. யா அல்லாஹ், உனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினாள்.

றிஸ்கான் பள்ளியிலிருந்து வந்து ஹோலில் உட்கார்ந்தான். போனைத் திறந்தான். அவன் குரல் திரையைத் தாண்டி உள்ளே வந்தது. அப்னாவிடம் சொல்கிறான். "இந்த மனிசனுக்கு என்ன நடந்த? விடிய, போக வேணாம் எண்டு எழுதினார். இப்ப அதக் கணக்கெடுக்க வேணாமாம். எத நம்புற? நான் அவங்களுக்கு ஏலா எண்டே சொல்லிடுறன், இந்தக் குழப்பத்தோட போய் என்ன செய்யிற?"

அதே நேரம் முஸ்பிறாவின் கையிலிருந்த போனில் வெளிச்சம் வந்தது. ரைஸ் ரூட்டிடமிருந்து ஒரே ஒரு சொல். ஏன்?

அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். கிறே ஹெரனாக இருந்து என்ன காரணம் எழுதினாலும் அது பொய்யாகவே வந்தது. சுகமில்லை என்று எழுதலாமா? அழித்தாள். வேறு ஒருவருக்கு எழுதிய பதில் மாறி வந்துவிட்டது என்று எழுதலாமா? அதையும் அழித்தாள். கொழும்புக்காரர்கள் எந்த நிமிஷத்திலும் அழைப்பார்கள். அழைத்தால் இவன் ஏலாது என்பான், அப்னா வாயை மூடிக்கொண்டு இந்த வீட்டிலேயே இருப்பாள், காலம் முழுக்க உம்மாவுக்குச் சிரித்த முகம் காட்டுவாள். அதை முஸ்பிறாவால் தாங்க முடியாது.

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். திரையை விலக்கினாள். ஹோலுக்குள் வந்தாள்.

றிஸ்கான் திடுக்கிட்டு எழும்பினான். சாறனைச் சரிபண்ணினான். அப்னா அலுமாரிப் பக்கத்தில் நின்றவள் நின்றபடியே நின்றாள். முஸ்பிறாவின் கண் அவன் முகத்துக்குப் போகவில்லை, மேசையில்தான் இருந்தது.

"இரிங்க மருமகன்."

அவன் இருக்கவில்லை. மாமி கதைத்துவிட்டாள் என்பதே அவனுக்கு இன்னும் உள்ளே இறங்கவில்லை.

அவள் தன் போனை மேசையில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். போன் திரையில் அவன் சற்றுமுன் அனுப்பிய அந்த ஒற்றைச் சொல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். தன் போனைப் பார்த்தான். திரும்ப இதைப் பார்த்தான். விளங்காத கணக்கைப் பார்க்கிற பிள்ளைபோல் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த ஆள் நான்தான்," என்றாள். "நீங்க எண்டு எனக்குத் தெரியா. அப்னாட குரலக் கேட்ட பிறகுதான் தெரியும். ஒரு கிழமையா வாயில வெச்சிக்கிட்டு இரிக்கன்."

அப்னா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"விடிய எழுதின பதில் பிழை எண்டு சொல்ல வரல்ல மருமகன். சரியா பிழையா எண்டு எனக்கே தெரியா. அத எழுதக்குள்ள நான் அப்னாட உம்மாவா இருந்தன். அதச் சொல்லத்தான் வந்தன்."

அவன் கோபப்படுவான் என்று அவள் நினைத்திருந்தாள். சிரித்துவிடுவான் என்றும் ஒரு நப்பாசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. முதலில் அவன் காது சிவந்தது. சாப்பாட்டைப் பற்றி எழுதியது ஞாபகம் வந்துவிட்டது போலும், ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு கையை எடுத்தான். முகம் வேறாக இருந்தது.

"மாமி, நீங்க எனக்கு முதன்முதல் எழுதினது ஞாபகமா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆயிரம் பேருக்கு எழுதுகிறாள்.

"அப்ப எங்கட உம்மா, பொஞ்சாதி, தம்பிமார் எல்லாரும் நல்லாரிக்கி எண்டாங்க எண்டு எழுதியிரிந்தன். நீங்க என்ன சொன்னீங்க? சொந்தக்காரரிட்டக் காட்டிக் கருத்துக் கேக்காதீங்க. அவங்க அன்புல பொய் சொல்லுவாங்க. உங்கள ஆரெண்டே தெரியாத ஒரு ஆள் சொல்றதத்தான் நம்பணும் எண்டு. அதால உங்களத்தான் நம்பினன். வேற ஒருத்தரயும் நம்பல்ல."

"அதெல்லாம் ஆரெண்டு தெரியாமச் சொன்னதுதான் மருமகன். வல்லாஹி. அந்த அப் நல்ல அப். இப்பவும் சொல்லுறன், அது நல்லா வரும்."

"இப்ப சொல்றது ஆரு?" என்றான் றிஸ்கான். குரலில் கோபம் இல்லை, ஏமாந்து போனவனின் களைப்புத்தான் இருந்தது. "மருமகனுக்குச் சொல்றீங்களா, ரைஸ் ரூட்டுக்குச் சொல்றீங்களா? நான் எத எந்தக் கணக்குல போடுற?"

முஸ்பிறா இப்போதுதான் அவன் முகத்தை நேரே பார்த்தாள். இத்தனை நாள் திரை ஓரத்தால் கண்ட முகம், கிட்ட வந்து பார்த்தால் இவ்வளவு இளசாக இருக்கிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்கே தெரியாத ஒன்றைத்தான் அவன் கேட்கிறான்.

மேசையில் இருந்த அவன் போன் அடித்தது. கொழும்பு இலக்கம்.

அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. மாமியையே பார்த்துக்கொண்டு நின்றான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அப்னா வந்தாள். இரண்டு பேரையும் கேட்காமல், மேசையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ. ஓம், றிஸ்கான்ட போன்தான், நான் அவர்ர வைஃப் கதைக்கிறன்," என்றாள். "இல்ல சேர், அவருக்கு இப்ப கதைக்க ஏலா. அவர் எங்கட உம்மாவோட கதைச்சிக்கிட்டு இரிக்கார்."

மறுமுனையில் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருக்க வேண்டும். அப்னா திரும்பி இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"தெரியா சேர்," என்றாள். "இப்பதான் தொடங்கியிரிக்காங்க."